சாவடியை விற்றவர்கள்

2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் நாள், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், உழைக்கும் மக்கள் நிறைந்து வாழும் டார்செஸ்டர் பகுதியில், கார்னி மருத்துவமனை மூடப்பட்டது. 161 ஆண்டுகள் பிணியாளருக்குப் பணிபுரிந்த இல்லம் அது. நியூ இங்கிலாந்து என்று வழங்கப்பெறும் வடகிழக்கு மாநிலங்களில் கத்தோலிக்கர் நிறுவிய முதல் மருத்துவமனையும் அதுவே. உள்நாட்டுப் போரின் நடுவே பிறந்து, இரண்டு உலகப் போர்களையும் கொள்ளைநோய்களையும் கடந்து நின்ற அந்த இல்லத்தை, ஒரு விற்பனைப் பத்திரம் பதினான்கே ஆண்டுகளில் சாய்த்துவிட்டது.

எங்கோ தொலைவில் ஒரு மருத்துவமனை மூடப்பட்டதற்கு நாம் ஏன் கவலைப்படவேண்டும் என்று வாசகர் கேட்கலாம். கவலைப்படக் காரணம் உண்டு. அந்தப் பத்திரத்தில் விற்றவர் என்ற இடத்தில் இருந்தது, ஒரு கத்தோலிக்க உயர்மறைமாவட்டம் தோற்றுவித்த மருத்துவ நிறுவனம். வாங்கியவர்களின் பேராசையைப் பற்றி அந்நாட்டுச் செய்தித்தாள்களும் செனட் அவையும் வேண்டிய மட்டும் பேசிவிட்டன. விற்றவர்களைப் பற்றிப் பேசவேண்டிய கடமை திருச்சபையின் பிள்ளைகளாகிய நமக்கு உரியது. அதை வெளியார் செய்யும்வரை காத்திருப்பது நமக்கு அழகன்று.

தையற்காரர் கொடுத்த இல்லம்

ஆண்ட்ரூ கார்னி அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த தையற்காரர். பாஸ்டனில் ஆயத்த ஆடை வணிகம் செய்து பெரும்பொருள் ஈட்டினார். அந்நாளைய பாஸ்டன் கத்தோலிக்கரை விரும்பி வரவேற்ற நகரமன்று. 1834இல் அண்டையிலிருந்த சார்ல்ஸ்டவுனில் உர்சுலைன் அருள்சகோதரிகளின் மடத்தை ஒரு கும்பல் தீயிட்டுக் கொளுத்தியது. பின்னர்ப் பஞ்சத்திற்குத் தப்பி வந்த ஐரிஷ் ஏழைகள் நெரிசலான குடியிருப்புகளில் நோயுற்று மடிந்தனர். இந்தச் சூழலில்தான் 1863இல் தெற்கு பாஸ்டனில் கார்னி ஒரு மருத்துவமனைக்கு வழிசெய்து, அதைப் புனித வின்சென்ட் தே பவுலின் பிறரன்புப் புதல்வியரிடம் ஒப்படைத்தார். ஒதுக்கப்பட்ட மக்களைச் சேர்ந்தவர் என்பதால், தம்மவருக்கு மட்டுமே என்று அவர் வேலி போட்டிருக்கலாம். போடவில்லை. சமயம், நிறம், நாடு என்ற வேறுபாடு பாராமல் நோயுற்ற எவரையும் ஏற்கவேண்டும் என்பதே அவர் வகுத்த நோக்கம். அடுத்த ஆண்டு அவர் இறந்துபோனார். அவர் விருப்பம் மட்டும் சகோதரிகளின் கைகளில் உயிரோடிருந்தது. 1953இல் மருத்துவமனை டார்செஸ்டருக்கு இடம்பெயர்ந்தது. ஐரிஷ் மக்களுக்குப் பின் வந்த ஹைத்தியரும் வியட்நாமியரும் கேப் வெர்டியரும் அதன் வாசலுக்கே வந்தனர்.

கார்னி மருத்துவமனை தனி ஒன்றன்று. 1868இல் பிரான்சிஸ்கன் மூன்றாம் சபையைச் சேர்ந்த ஐந்து பொதுநிலைப் பெண்கள் ஏழைப் பெண்களுக்காகப் புனித எலிசபெத் மருத்துவமனையைத் தொடங்கினர். 1906இல், ஆலைத் தொழிலாளர் நகராகிய ஃபால் ரிவரில், பிரான்சிலிருந்து வந்த தொமினிக்கன் சகோதரிகள் புனித அன்னாள் மருத்துவமனையை எழுப்பினர். அரசின் ஆணையும் வங்கியின் கடனும் மட்டும் இந்த இல்லங்களை உண்டாக்கிவிடவில்லை. கொடையாளரின் பெருங்கொடையும், கூலித் தொழிலாளர் உண்டியலில் இட்ட சில்லறையும், துறவியரின் ஊதியமில்லா உழைப்பும் சேர்ந்தே இவற்றை உண்டாக்கின. இதை வாசகர் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் விலை பேசப்பட்டது இந்த உழைப்பும் இந்தச் சில்லறையும்தான்.

1985இல் பாஸ்டன் உயர்மறைமாவட்டம் மருத்துவமனைகளை ஒரே நிர்வாகத்தின்கீழ்க் கொண்டுவர 'காரித்தாஸ் கிறிஸ்தி' என்னும் நிறுவனத்தை ஏற்படுத்தியது. 'கிறிஸ்துவின் அன்பு' என்பது அதன் பொருள். தூய பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்திலிருந்து எடுக்கப்பட்ட சொற்கள் அவை. பிறரன்புப் புதல்வியரின் விருதுவாக்கும் அங்கிருந்தே பிறந்தது. 2010இல் இந்நிறுவனத்திடம் ஆறு மருத்துவமனைகள் இருந்தன. கார்னியும் அவற்றுள் ஒன்று.

நெருக்கடி மெய்யே

விற்றவர்கள் சார்பில் சொல்லக்கூடியதை முதலில் சொல்லிவிடுவோம். நெருக்கடி கற்பனையன்று. ஏழைகளுக்கான அரசுக் காப்புறுதித் திட்டம் மருத்துவச் செலவை முழுமையாக ஈடுசெய்யவில்லை. பெயர்பெற்ற பல்கலைக்கழக மருத்துவமனைகளுக்குத் தனியார் காப்புறுதி நிறுவனங்கள் கூடுதல் கட்டணம் தந்தன. ஏழைகளை ஏற்ற மருத்துவமனைகளுக்குக் குறைத்தே தந்தன. கட்டடங்கள் பழையன, ஊழியரின் ஓய்வூதிய நிதியில் பெரும் பற்றாக்குறை. 2002இல் வெளிவந்த பாலியல் கொடுமைகள் அந்த உயர்மறைமாவட்டத்தின் நன்மதிப்பையும் நிதியையும் உலுக்கின. 2003இல் பாதிக்கப்பட்டோருக்கு 8.5 கோடி டாலர் இழப்பீடு தர உடன்பாடு ஏற்பட்டது. 2007இல் அசென்ஷன் என்ற பெரிய கத்தோலிக்க மருத்துவ அமைப்போடு நடந்த பேச்சும் முறிந்தது. 2008இல் தலைமை நிர்வாகியாக வந்த இதய அறுவை மருத்துவர் ரால்ப் டி லா டோரே செலவைக் கட்டுப்படுத்தினார். ஆயினும் கட்டடங்களைப் புதுப்பிக்கவும் ஓய்வூதியக் கடனைத் தீர்க்கவும் பெருமுதல் தேவைப்பட்டது.

இவை எல்லாம் உண்மை. ஆயினும், ஒரு வீட்டில் வறுமை வந்துவிட்டது என்பது, அந்த வீட்டில் அடைக்கலமாக வைக்கப்பட்ட பிறர் பொருளை விற்க உரிமை தருமா?

மூன்று தலை நாய்

2010 நவம்பரில் விற்பனை முடிந்தது. வாங்கியது செர்பெரஸ் என்னும் நியூயார்க் முதலீட்டு நிறுவனம். கிரேக்கப் புராணத்தில் செர்பெரஸ் என்பது பாதாள உலகின் வாயிலைக் காக்கும் மூன்று தலை நாய். கிறிஸ்துவின் அன்பு என்று பெயர் தாங்கிய ஒன்று அந்தப் பெயர் தாங்கிய ஒன்றின் கைக்குப் போனது. எழுத்தாளன் எவனும் இப்படி எழுதியிருந்தால் மிகைப்படுத்துகிறான் என்று நாம் ஒதுக்கியிருப்போம்.

89.5 கோடி டாலர் பெறுமான ஒப்பந்தம் என்று அறிவிக்கப்பட்டது. அதில் நான்காண்டுகளில் செய்வதாக வாக்களிக்கப்பட்ட 40 கோடி டாலர் புதுப்பிப்புச் செலவும் அடக்கம். செர்பெரஸ் தன் கையிலிருந்து போட்ட முதல் ஏறத்தாழ 24.6 கோடி டாலர். இலாப நோக்கில்லா அறநிறுவனமாய் இருந்தது, 'ஸ்டூவர்ட்' என்ற புதுப்பெயரோடு இலாப நோக்கு நிறுவனமாயிற்று. ஸ்டூவர்ட் என்றால் ஆங்கிலத்தில் பிறர் பொருளைக் காக்கும் கண்காணிப்பாளன் என்று பொருள்.

மாநிலத் தலைமை வழக்கறிஞர் நிபந்தனைகளோடு இசைவு தந்தார். மூன்றாண்டுகள் எந்த மருத்துவமனையையும் மூடக் கூடாது. ஐந்தாண்டுகள் அரசு கண்காணிக்கும். கத்தோலிக்க அடையாளத்தையும் ஒப்பந்தம் மறக்கவில்லை. அது தொடரும், ஆனால் பின்னாளில் அது சுமையாகத் தோன்றினால், 2.5 கோடி டாலரை அறப்பணிக்குக் கொடுத்துவிட்டு அதைக் கைவிடலாம்.

இந்தக் கடைசி விதியை ஆழ்ந்து நோக்குங்கள். நம் நம்பிக்கையின் அடையாளத்திற்கு ஒரு விலைச்சீட்டு ஒட்டப்பட்டது. அதில் திருச்சபையின் பொறுப்பாளர்களும் கையொப்பமிட்டனர். முப்பது வெள்ளிக்காசை இங்கே நினைவூட்டுவது கடுஞ்சொல் என்று சிலர் கருதலாம். நான் விலையின் அளவைப் பற்றிப் பேசவில்லை. விலை குறித்ததைப் பற்றியே பேசுகிறேன்.

கண்காணிப்பு முடிந்த பின்

முதல் சில ஆண்டுகளில் கட்டடங்கள் புதுப்பிக்கப்பட்டன; வாக்கு நிறைவேறுவதுபோலவே தோன்றிற்று. ஆனால் 2011இல் வாங்கிய குயின்சி மருத்துவமனையை 2014 டிசம்பரிலேயே ஸ்டூவர்ட் மூடியது. ஐந்தாண்டுக் கண்காணிப்பு முடிந்தபின், 2016இல், பெரிய வேலை நடந்தது. மருத்துவமனைகளின் நிலமும் கட்டடமும் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த ஒரு நில முதலீட்டு நிறுவனத்தோடு செய்த 125 கோடி டாலர் ஏற்பாட்டில் கைமாறின. அந்தப் பணம் பழைய கடனுக்கும், உடைமையாளரின் ஆதாயத்திற்கும், பிற மாநிலங்களில் மேலும் மருத்துவமனைகள் வாங்குவதற்கும் போயிற்று.

இதை எளிய சொற்களில் விளக்குகிறேன். ஒருவன் தன் தந்தையின் வீட்டை விற்கிறான்; வந்த பணத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறான்; தாயையும் தங்கையையும் அதே வீட்டில் வாடகைக்குக் குடிவைக்கிறான்; வாடகையையும் வரியையும் பழுதுபார்க்கும் செலவையும் தங்கையின் தலையில் கட்டிவிட்டு வெளியேறுகிறான். சில ஆண்டுகள் கழித்து வாடகை கொடுக்க முடியாமல் அவர்கள் தெருவுக்கு வந்தால், 'குடும்பம் நடத்தத் தெரியாதவர்கள்' என்று ஊர் அவர்களையே பழிக்கும்.

வெளியேறுதலும் நடந்தது. 2020இல் செர்பெரஸ் தன் பங்கை விட்டு விலகியது. பத்தாண்டில் அது ஈட்டிய இலாபம் ஏறத்தாழ 80 கோடி டாலர் என்று செய்திகள் கணக்கிட்டன. 2021இல், கொள்ளைநோயின் நடுவே, புதிய உடைமையாளர்களுக்கு 11.1 கோடி டாலர் ஆதாயமாக வழங்கப்பட்டது; பெரும்பங்கு தலைமை நிர்வாகிக்கு. அதே ஆண்டில் அவர் ஏறத்தாழ 4 கோடி டாலர் விலையுள்ள உல்லாசப் படகொன்றை வாங்கினார்.

மறுபக்கம் என்ன நடந்தது? மருந்தும் கருவியும் தந்த நிறுவனங்களுக்குப் பணம் போகவில்லை. 2023 அக்டோபரில் புனித எலிசபெத் மருத்துவமனையில் ஓர் இளந்தாய் மகவு ஈன்றபின் உதிரப்போக்கினால் உயிர் நீத்தார். உதிரப்போக்கை நிறுத்த உதவக்கூடிய சிறு கம்பிச்சுருள்கள், பாக்கி செலுத்தப்படாததால் சில வாரங்களுக்கு முன்பே விற்றவர்களால் திரும்ப எடுத்துச் செல்லப்பட்டிருந்தன. பாஸ்டன் குளோப் நாளிதழ் இதை 2024 சனவரியில் வெளிக்கொணர்ந்தது. ஏழைப் பெண்களுக்காக ஐந்து பெண்கள் தொடங்கிய இல்லம் அது என்பதை மீண்டும் நினைவூட்ட விரும்புகிறேன்.

2024 மே 6ஆம் நாள் ஸ்டூவர்ட் திவால் மனு அளித்தது. எட்டு மாநிலங்களில் 31 மருத்துவமனைகள். பொறுப்புகள் ஏறத்தாழ 900 கோடி டாலர். அவற்றுள் எதிர்கால வாடகைக் கடப்பாடு மட்டும் 660 கோடி டாலர். மருத்துவமனையை மூடுமுன் 120 நாள் அறிவிப்புத் தரவேண்டும் என்பது மாசச்சூசட்ஸ் மாநில விதி. கார்னியும் ஏயர் நகரிலிருந்த நஷோபா வேலி மருத்துவமனையும் சூலை 26இல் அறிவிக்கப்பட்டு, ஐந்தே வாரங்களில் மூடப்பட்டன. செப்டம்பரில் செனட் குழு அழைத்தும் தலைமை நிர்வாகி வரவில்லை. அவை அவரை ஒருமனதாக அவமதிப்புக் குற்றத்திற்கு உள்ளாக்கியது. அவர் பதவி விலகினார்.

சாக்குகள் மூன்று

விற்பனையை ஞாயப்படுத்துவோர் மூன்று வாதங்களை முன்வைக்கின்றனர்.

முதலாவது: 'உபரி இல்லையேல் பணியும் இல்லை' என்னும் வாசகம். அமெரிக்க மருத்துவமனைச் சங்கத்தின் முதல் பெண் தலைவராக விளங்கிய ஐரின் கிராஸ் என்ற பிறரன்புப் புதல்வியே இதைச் சொன்னதாக வழங்கி வருகிறது. துறவற மடத்திலிருந்து பிறந்த சொல்லே தங்களுக்குச் சான்று என்று வணிகர் மகிழ்கின்றனர். அந்தச் சொல் சரியே. அவர்கள் படித்த விதம் பிழை. உபரி வேறு, இலாபம் வேறு. வரவில் செலவு போக மிஞ்சுவது உபரி. அது அந்த வீட்டிலேயே தங்கி, நாளைய நோயாளிக்குக் கட்டிலாகவும் மருந்தாகவும் மாறும். இலாபமோ வீட்டைவிட்டு வெளியேறுவதற்கென்றே பிறப்பது. வணிகத்தில் அது தவறன்று. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலின் 1991ஆம் ஆண்டுச் சுற்றுமடல் 'சென்டேசிமுஸ் ஆன்னுஸ்' இலாபத்திற்கு உரிய இடத்தை ஏற்கவே செய்கிறது. அதே மூச்சில், தொழிலின் நலத்திற்கு அது ஒன்றே அளவுகோல் ஆகாது என்றும் எச்சரிக்கிறது. சகோதரிகள் உபரி தேடினர், பணி தொடர்வதற்காக. வாங்கியவர்கள் பணியை வைத்துக்கொண்டனர், இலாபம் எடுப்பதற்காக.

இரண்டாவது: 'விற்காவிட்டால் 2010லேயே மூடியிருக்க வேண்டியிருக்கும்.' இருக்கலாம். ஆனால் நேர்மையாக மூடுவதற்கும் இப்படி மூடப்படுவதற்கும் வேறுபாடு உண்டு. நேர்மையாக மூடியிருந்தால் நிலம் அறத்தின் கையிலேயே இருந்திருக்கும். ஒரு மருத்துவமனையை விற்று மற்றொன்றைக் காத்திருக்கலாம். நிலத்தில் ஒரு சிறு மருந்தகமேனும் நிலைத்திருக்கும். இலாப நோக்கில்லாத வேறு கைகள் இல்லாமலும் இல்லை. 2024 அக்டோபரில் புனித எலிசபெத் மருத்துவமனையையும் பிராக்டன் நகரின் நல்ல சமாரியர் மருத்துவமனையையும் ஏற்று நடத்த முன்வந்தது பாஸ்டன் மெடிக்கல் சென்டர் என்னும் இலாப நோக்கில்லா நிறுவனமே. அதற்காக மாநில அரசு புனித எலிசபெத்தின் நிலத்தைப் பொதுநலச் சட்டத்தைக் கொண்டு கையகப்படுத்த வேண்டியிருந்தது. திருச்சபை விற்றதை மீட்க மக்களின் வரிப்பணம் தேவைப்பட்டது.

மூன்றாவது: 'கத்தோலிக்க அடையாளம் காக்கப்பட்டது.' எந்த அடையாளம்? சிற்றாலயம், சுவரில் பாடுபட்ட சுரூபம், கருக்கலைப்பு கூடாது என்னும் நெறி ஆகியவை காக்கப்பட்டன. அவை அனைத்தும் வேண்டியவையே. நான் அவற்றைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கணக்கேட்டில் கிறிஸ்து இல்லாதபோது சுவரில் மட்டும் அவரைத் தொங்கவிடுவது எந்த அடையாளம்? கருவிலுள்ள உயிரைக் காக்கும் நெறியை ஒப்பந்தத்தில் எழுதிய கைகள், பிள்ளை பெற்ற தாயின் உயிரைக் காக்கும் கருவிக்குப் பணம் செலுத்தப்படும் என்பதற்கு உறுதி பெறவில்லை. இறுதியில் பெயரும் நிலைக்கவில்லை. 2025இல் புனித எலிசபெத், நல்ல சமாரியர் என்னும் இரு பெயர்களும் நீக்கப்பட்டு, புதிய நிறுவனத்தின் பெயர் இடப்பட்டது.

யாருடைய சொத்து?

நல்ல சமாரியர் உவமையை நாம் அனைவரும் அறிவோம். அடிபட்டவனைச் சாவடிக்குக் கொண்டுவந்தவர், பொறுப்பாளரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்து, மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிச் செல்கிறார். சாவடிப் பொறுப்பாளன் அந்தக் காசுக்கு உடையவன் அல்லன். அது அடிபட்டவனுக்காக அவன் கையில் ஒப்படைக்கப்பட்டது. கார்னியின் கொடை அந்த இரண்டு தெனாரியம். பாஸ்டனில் நடந்தது என்ன? அடிபட்டவன் உள்ளே படுத்திருக்கும்போதே சாவடி விற்கப்பட்டது.

இது வெறும் உருவகமன்று. திருச்சபையின் சட்டமும் இதையே சொல்கிறது. வழிபாடு, பணியாளரின் வாழ்வூதியம், திருத்தூதுப்பணி, குறிப்பாக ஏழையர்க்கான அன்புப்பணி ஆகியவற்றுக்காகவே திருச்சபை உலகச் செல்வத்தைக் கொண்டிருக்கலாம் என்கிறது திருச்சபைச் சட்டம் 1254. இறைநோக்கங்களுக்காக நம்பிக்கையாளர் அளித்த கொடையை ஏற்றுக்கொண்டபின், அவர்கள் விருப்பத்தை, நிர்வகிக்கும் முறையும் உட்பட, மிகுந்த கவனத்தோடு நிறைவேற்றவேண்டும் என்கிறது சட்டம் 1300. ஆயரோ குருவோ துறவியோ சொத்துக்கு உடையவர் அல்லர், காப்பவர் மட்டுமே. காப்பவருக்குச் சில வேளைகளில் விற்கும் அதிகாரமும் உண்டு. கொடையாளரின் நோக்கத்தை விற்கும் அதிகாரம் ஒருபோதும் இல்லை.

அந்த நோக்கத்திற்கு மூன்றாண்டு, ஐந்தாண்டு என்று கெடு வைத்ததே பாஸ்டனின் பெரும்பிழை. ஏழைக்கு வரும் நோய்க்குக் கெடு இல்லை. நிலமும் கட்டடமும் விற்கப்படக் கூடாது, இலாபம் வெளியேறக் கூடாது, வாங்குபவர் கைவிட்டால் சொத்து மீண்டும் அறத்திற்கே வந்துசேர வேண்டும் என்று எழுதப்படாத எந்த நிபந்தனையும் காகிதத்தில் வரைந்த வேலி. வேட்டைநாய்க்கு அது ஒரு பொருட்டன்று. 2025 சனவரியில் மாசச்சூசட்ஸ் அரசு, இனி இத்தகைய நில முதலீட்டு நிறுவனங்களிடம் வளாகத்தை வாடகைக்கு எடுக்கும் புதிய மருத்துவமனைகளுக்கு உரிமம் இல்லை என்று சட்டம் இயற்றியது. வெள்ளம் போனபின் கட்டிய அணை; ஆயினும் அணைதான். கொடையாளரின் நோக்கத்தைக் காக்கும் இந்தப் பாடத்தைத் திருச்சபைக்கு உலக அரசு கற்பிக்க நேர்ந்தது வெட்கத்திற்குரியது.

இறுதியாக, பொதுநிலையினராகிய உங்களுக்கு ஒரு சொல். நம் மறைமாவட்டங்களிலும் துறவற சபைகளிலும் கொடையாளர் அளித்த நிலத்தில் எழுந்த மருத்துவமனைகளும் மருந்தகங்களும் உள்ளன. அவற்றுக்கும் வறுமை வரும். விலை கேட்டு ஆள் வரும். வருபவர் கனிவாகவே பேசுவார். ஆடு நனைகிறதே என்று அழும் ஓநாயை அடையாளம் காண்பது ஆயனுடைய வேலை மட்டுமன்று. மறைமாவட்டத்திற்கு நிதிக்குழு வேண்டும் என்று சட்டம் 492உம், ஒவ்வொரு பங்குக்கும் அது வேண்டும் என்று சட்டம் 537உம் கூறுகின்றன. கணக்கும் சட்டமும் அறிந்த பொதுநிலையினருக்கு அங்கே இடம் உண்டு. தேநீர் அருந்தித் தலையசைத்துவிட்டு வருவதற்கான இடமன்று அது.

அறச்சொத்து ஒன்று கைமாறும் பேச்சு எழும்போதெல்லாம் அங்கே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதைக் கொடுத்தவர் யார், எதற்காகக் கொடுத்தார்? வாங்குபவர் எடுக்கும் இலாபம் எங்கே போகும்? அவர் கைவிடும் நாளில் நிலம் யாருக்குத் திரும்பும்? இவற்றுக்குத் தெளிவான மறுமொழி கிடைக்கும்வரை கையொப்பமிட வேண்டாம் என்று பணிவோடும் உறுதியோடும் ஆயரிடம் சொல்லுங்கள். பணிவு என்பது வாயடைத்து நிற்பதன்று. 2010இல் பாஸ்டனில் வேண்டிய அளவு உரத்துக் கேட்கப்படாத கேள்விகள் இவை. 2024இல் டார்செஸ்டர் மக்கள் மூடிய கதவின் முன் நின்று கேட்டபோது, மறுமொழி சொல்ல உள்ளே எவரும் இல்லை.